எம்மனை வாயில் முன்னே: பூங்கா வைப்பியல் குறித்து ஓர் ஆய்வு

பாயிரம்

தமிழில் எதைப் பற்றி எழுதினாலும் தலைப்பில் ‘ஓர் ஆய்வு’ என்று சேர்த்துவிட்டால் போதும். கருத்தரங்கில் பத்து நிமிடமும் சாப்பாட்டு டோக்கன் ஒன்றும் உறுதி. அந்த நம்பிக்கையில்தான் இக்கட்டுரையும் எழுதப்படுகிறது. ஆய்வுக் களம், சென்னைக்குத் தெற்கே, பழைய வரைபடம் ஏரி என்றும் புரோக்கர் நகர் என்றும் சொல்லும் ஒரு மனைப்பிரிவு. ஆய்வுப் பொருள், அங்கே வரப்போகும் பூங்காவில் எதை எங்கே வைப்பது என்று பதினான்கு மாதமாக நடந்துவரும் சண்டை. ஆய்வு எல்லை வருமாறு: வடக்கே இரண்டாம் குறுக்குத் தெரு, தெற்கே மழைநீர்க் கால்வாய், மேற்கே பால் பூத், கிழக்கே என் வீடு.

ஆய்வாளனுக்கு ஆய்வுப் பொருளில் பற்று இருக்கக் கூடாது என்பார்கள். எனக்கும் பற்றெல்லாம் கிடையாது. கிழக்கே வீடு மட்டும் இருக்கிறது.

மரபுப்படி சொல்லிலிருந்து தொடங்க வேண்டும். பூவும் காவும் சேர்ந்தது பூங்கா. கா என்றால் சோலை. இது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும் என்பதால் ஆய்வுக்கு உதவாது. எங்கள் நகரில் வேறொரு வேர் வழங்குகிறது. கள்ள ஆட்டத்தைக் குறிக்கும் ‘போங்கு’ என்ற சொல்லே ‘போங்கா’ ஆகி, ஓகாரம் ஊகாரமாய்த் திரிந்து ‘பூங்கா’ ஆயிற்றாம். மனை விற்றவர் படத்தில் பச்சை அடித்துக் காட்டிய இடத்தைப் பத்திரப் பதிவுக்குப் பிறகு நேரில் போய்ப் பார்த்தவர்கள் எல்லாரும் இந்த வேரையே ஒப்புகிறார்கள். இதைவிடக் குறைந்த சான்றை வைத்துக்கொண்டு கிரேக்கச் சொல்லையும் இலத்தீன் சொல்லையும் தமிழுக்கு இழுத்துவந்து கட்டிப்போட்டவர்கள் நம்மிடையே உண்டு. ஆகவே இதை மறுக்க எனக்குத் துணிவில்லை.

விதியியல்

பூங்கா அன்பினால் பிறப்பதன்று, விதியினால் பிறப்பது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019இன்படி, மனைப்பிரிவு 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் சாலைகளைக் கழித்து, மிச்சத்தில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். 3,000க்கும் 10,000க்கும் இடைப்பட்டவர்கள் நிலத்துக்குப் பதிலாகப் பணம் கட்டித் தப்பிக்கலாம். எங்கள் புரோமோட்டர் தப்பிக்க முடியாத அளவுக்குப் பெரியவர். ஐந்து ஏக்கரில் மனை போட்டார், ஆறு கிரவுண்டு கொடுத்தார். 14,400 சதுர அடி.

கூர்ந்து பார்த்தால் இந்த நிலம் எங்களுடையதே அன்று என்பது விளங்கும். தானமாய் எழுதிக் கொடுத்தாயிற்று. அடுத்தவர் நிலத்தில் எதை எங்கே வைப்பது என்றுதான் நாங்கள் சட்டையைப் பிடித்துக்கொள்கிறோம். இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. யாரோ எழுதிவைத்துப் போன நூலை ஐந்நூறு ஆண்டு முன்னே தள்ளுவதா பின்னே தள்ளுவதா என்று அறிஞர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனதில்லையா?

பூங்காவில் வசதி வைப்பதை எல்லைவரை செய்து பார்த்த ஊர் சென்னை. ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன் 1859இல் தொடங்கிய பீப்பிள்ஸ் பார்க் நூறு ஏக்கருக்கு மேல். அதில் முதலில் மிருகக்காட்சி சாலை வைத்தார்கள். பிறகு விக்டோரியா பப்ளிக் ஹால் வைத்தார்கள், மூர் மார்க்கெட் வைத்தார்கள், 1913இல் ரிப்பன் மாளிகை வைத்தார்கள், அப்புறம் விளையாட்டரங்கம். எல்லா வசதியும் வந்து சேர்ந்தபோதுதான் ஒரு குறை தெரிந்தது: பூங்காவைக் காணோம். புலியும் சிங்கமும்கூட இடம் போதாமல் வண்டலூருக்குக் குடிபோயின. பீப்பிள்ஸ் பார்க் ஒரு நூற்றாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்ட காரியத்தை நாங்கள் ஆறு கிரவுண்டில் ஒரே நிதியாண்டில் முடித்துவிடுவோம் என்று எங்கள் நகர்ச் சங்கத்தின் மூன்றாவது வரைபடம் காட்டுகிறது.

பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டை இங்கே விட முடியாது. ஏரி வாரியம், பொன் வாரியம் போலவே தோட்ட வாரியம் என்றும் ஒன்று அங்கே இருந்தது, உறுப்பினர் பன்னிருவர். குடவோலையில் பெயர் வர வேண்டுமானால் வயது 35க்கு மேல் 70க்குள்; சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும்; முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் நிற்கக் கூடாது, அவர் உறவினரும் நிற்கக் கூடாது. எங்கள் பூங்காக் குழுவிலும் பன்னிருவர்தான். வயது மட்டும் 70இல் தொடங்குகிறது. கணக்கு விதியைக் கொண்டுவந்தால் குழுவில் ஆள் மிஞ்சாது. உறவினர் விதியையும் சேர்த்தால் நகரிலேயே ஆள் மிஞ்சாது. மக்களாட்சி நம்முடையது என்று மேடையில் உத்திரமேரூரை எடுத்துவிடுகிறவர்கள் இந்தக் கணக்கு வரி வரும்போது மட்டும் ஏன் தண்ணீர் குடிக்கிறார்கள் என்பது தனி ஆய்வுக்குரியது.

நூற்பாவியல்

வைப்பியலின் முதல் நூற்பா இது:

வேண்டும் எல்லாம் வேண்டும் அவைதாம்
வேண்டா எம்மனை வாயில் முன்னே.

என் சொந்தச் சரக்கு. இன்னும் இருபது ஆண்டில் யாராவது இதைக் கடைச்சங்க காலத்தது என்று மேற்கோள் காட்டினால் நான் பொறுப்பல்லன்.

முதல் ‘வேண்டும்’ ஆசையைக் குறித்தது, இரண்டாவது தீர்மானத்தைக் குறித்தது என்பது முதல் மாடி உரை. முதலாவது கணவன் கூற்று, இரண்டாவது மனைவி கூற்று, இரண்டாவதே செல்லும் என்பது தரைத்தள உரை. ‘தாம்’ வெறும் அசைநிலை என்று சங்கச் செயலாளர் கொள்வார். அவர் வீடு மூன்று தெரு தள்ளி இருப்பதால் எதையும் அசையென்று தள்ளுவது அவருக்கு எளிது. ‘நம்மனை’ என்னாது ‘எம்மனை’ என்றதனால் கேட்பவர் வீடு விலக்கப்பட்டது, எனவே அவர் வீட்டு வாயிலில் தாராளமாய் வைக்கலாம் என்பது பெறப்படும் (மினிட்ஸ் புத்தகம், 2ஆம் கூட்டம், பக். 3).

மூலையியல்

கோயிலுக்கு வரைபடத்தில் இடம் விட வேண்டியதில்லை. பிள்ளையார் ஒரு வெள்ளிக்கிழமை தாமே வந்துவிடுவார்.

நடைபாதை வட்டமா எட்டா என்ற வழக்கில் எட்டு வென்றது. வடக்கு தெற்காக எட்டுப் போட்டு நடந்தால் சர்க்கரை இறங்கும் என்றார் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். “எட்டுப் போட்டுத்தானே சார் லைசென்ஸ் வாங்கினோம், மறுபடியுமா?” என்று கேட்ட அம்மாளுக்கு இதுவரை பதில் இல்லை. ஷட்டில் கோர்ட் 44 அடிக்கு 20. அது சண்டையே அன்று. காற்றடித்தால் இறகுப் பந்து எந்த வீட்டு மொட்டை மாடிக்குப் போகும் என்பதுதான் சண்டை. மரத்தில் நிழல் காருக்கு வேண்டும், காக்கை கூடாது, சருகு எதிர்வீட்டுக்குப் போக வேண்டும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் காரைப் பறிகொடுத்தவர்கள் சுவரிலிருந்து இருபதடி தள்ளி நட வேண்டும் என்றார்கள். சுவரிலிருந்து நான்கு பக்கமும் இருபதடி தள்ளினால் மரம் ஷட்டில் கோர்ட்டுக்கு நடுவில் வருகிறது (மினிட்ஸ், 5ஆம் கூட்டம், பக். 9, டீக் கறைக்குக் கீழே).

கழிப்பறைக்குச் சற்றுப் பொறுத்து இடம் தர வேண்டும். அது வேண்டும் என்பதில் நகரமே ஒரு குரலாய் இருந்தது. நடக்க வருகிறவர்களில் பாதிப் பேர் சர்க்கரைக்காரர்கள். தேவையை விளக்க வேண்டியதில்லை. எங்கே என்று கேட்டதும் வாஸ்து எழுந்து நின்றது. வடகிழக்கு ஈசானியம், தெய்வத்துக்கும் தண்ணீருக்கும் உரியது, அங்கே நினைக்கவே கூடாது. தென்மேற்கு கன்னி மூலை, அங்கே கழிவு ஆகாது. தென்கிழக்கு அக்னி, அடுப்புக்குரியது. மிஞ்சியது வடமேற்கு, வாயு மூலை. பெயரே பொருத்தமாக இருக்கிறது என்று கூட்டம் கைதட்டி ஏற்றது.

அப்போது வடமேற்கு மூலைக்கு அப்பால் வீடு கட்டியிருப்பவர் எழுந்தார். “சார், உங்க பார்க்குக்கு அது வடமேற்கு. என் வீட்டுக்கு அது தென்கிழக்கு. அக்னி மூலையில கக்கூஸ் வெச்சா என் வீடு உருப்படுமா?”

கூட்டம் வாயடைத்தது. அவர் கணக்கில் ஓட்டையில்லை. பூங்காவின் எந்த மூலையை எடுத்தாலும் அதற்கு அப்பால் இருக்கும் வீட்டுக்கு அது நேரெதிர் மூலை. பூங்காவுக்கு ஈசானியம் என்றால் அந்த வீட்டுக்குக் கன்னி, பூங்காவுக்குக் கன்னி என்றால் அந்த வீட்டுக்கு ஈசானியம். இதற்கு ‘எதிர்மூலைத் தேற்றம்’ என்று பெயரிடுகிறேன். இதன் கிளைத்தேற்றம், யாருக்கும் பகையில்லாமல் கழிப்பறை வைக்கக்கூடிய ஒரே இடம் பூங்காவின் நட்டநடு என்பது. நட்டநடு பிரம்மஸ்தானம். அங்கே துரும்பைக்கூட வைக்கக் கூடாது.

கழிப்பறை இன்று வரைபடத்தின் ஓரத்தில், ‘இடம் பின்னர்’ என்ற குறிப்பாக மட்டும் இருக்கிறது. மூத்திரத்தை அடக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடும் மூத்த குடிமக்களால் எட்டு வடிவப் பாதை நேர்கோடாகிவிடும் என்று அஞ்சுகிறேன்.

இருக்கையியல்

இனி பெஞ்ச். இதற்கு ஒரு பத்தி போதும் என்றுதான் தொடங்கினேன்.

சிமெண்ட் பெஞ்ச் இரு வகைப்படும், சாய்வுள்ளது, சாய்வில்லாதது. சாய்வில்லாதது விலை குறைவு. ஆனால் அதில் பெயர் எழுத இடமில்லை, ஆகவே அதற்குக் கொடையாளியும் இல்லை. முதுகைச் சாய்க்கவே சாய்வு உண்டானது என்பது மேலோட்டமாய்ப் பார்ப்பவர் கருத்து. ‘உபயம்’ எழுதவே அது உண்டானது; மக்கள் அதில் முதுகைச் சாய்த்தது பிற்கால வழக்கு.

சாய்வுக்கு இரண்டு முகம். முன்முகத்தில் உபயம் எழுதினால் உட்காருகிறவர் முதுகு மறைக்கும். தலையெண்ணெய் பட்டு ஆறு மாதத்தில் எழுத்து மங்கும். ஒருவர் தம் தகப்பனார் நினைவாகப் பணம் கொடுத்தது ஊரார் முதுகு தேய்க்கவா? ஆகவே பின்முகமே தகும். பின்முகத்தில் எழுதினால் நடப்பவர்கள் படிக்க வேண்டும். நடப்பவர்கள் படிக்க வேண்டுமானால் பின்முகம் பாதையைப் பார்க்க வேண்டும். பின்முகம் பாதையைப் பார்த்தால் முன்முகம் மதில் சுவரைப் பார்க்கும். உட்காருகிறவரும் மதில் சுவரைத்தான் பார்க்க வேண்டும்.

இந்த முடிவைப் பதினொரு கொடையாளிகளும் ஒருமனதாக ஏற்றார்கள். உட்காரப்போகிறவர்களை யாரும் கேட்கவில்லை, ஏனெனில் அவர்கள் யாரென்று உட்கார்ந்த பிறகுதானே தெரியும் (மினிட்ஸ், 8ஆம் கூட்டம், பக். 14, போண்டா எண்ணெய் ஊறிய பகுதி, பின்பக்கமிருந்து விளக்குக்கு நேரே பிடித்துப் படிக்க, ‘எதிர்க்கிறேன்’ என்ற இடத்தை ‘எதிர்பார்க்கிறேன்’ என்றும் கொள்ளலாம்).

எதிர்க்கட்சியும் இருந்தது. பெஞ்சுகளை முதுகோடு முதுகாக இரண்டிரண்டாகப் போடலாம் என்றார் ஒருவர். அப்படிப் போட்டால் இரண்டு உபயமும் ஒன்றையொன்று படித்துக்கொண்டிருக்கும் என்று தள்ளப்பட்டது. சாய்வின் மேல்விளிம்பில் எழுதலாம் என்றார் இன்னொருவர். விளிம்பு மூன்றங்குலம், மகன்கள், மருமகள்கள், அமெரிக்கப் பேரன் வரை அடங்காது. கல்லூரி படிக்கும் பையன் ஒருவன் எழுந்து, “அங்கிள், எழுத்தே வேணாம். சின்னதா ஒரு க்யூ.ஆர். கோடு ஒட்டிடலாம், ஸ்கேன் பண்ணா எல்லாம் வரும்” என்றான். முன்வரிசைப் பெரியவர் நிதானமாகத் திரும்பிப் பார்த்தார். “எங்கப்பா வருவாரா தம்பி?” அவ்வளவுதான், பையன் உட்கார்ந்துவிட்டான் (வாய்மொழிச் சான்று, கூட்டம் முடிந்து செருப்பு மாட்டும்போது கேட்டது, செருப்பு மாறிப்போனதால் சொன்னவர் இன்னாரென்று உறுதிசெய்ய இயலவில்லை, அந்தச் செருப்பு என்னிடம் இருக்கிறது, அளவு ஒன்பது, உரியவர் வந்து பெற்றுக்கொள்ளலாம்).

மாதிரிக்கென்று ஒரு பெஞ்ச் ஏற்கெனவே வந்து இறங்கிவிட்டது. அதன் பின்முகக் கல்வெட்டில் ‘உபையம்’ என்று பொறிக்கப்பட்டுள்ளது. ஐகாரம் எப்படி நுழைந்தது? பிழை என்று ஒரு சாரார். பேச்சு வழக்கின் தாக்கம் என்று ஒரு சாரார். முற்கால வரிவடிவத்தின் எச்சமாகலாம், அப்படியானால் பெஞ்சின் காலத்தை நாம் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று நானே ஓர் இரவு முழுக்க யோசித்தேன். காலையில் பெயிண்டரைக் கேட்டேன். “நீங்க குடுத்த பேப்பர்ல அப்படித்தான் சார் இருந்துச்சு” என்றார். பேப்பர் கிடைக்கவில்லை; பாடபேதம் என்று குறித்துக்கொண்டு நகர்ந்தேன். எழுத்தின் வளைவைப் பார்த்து நூற்றாண்டு சொல்லும் வித்தகர்களுக்குக் கல்தச்சனைக் கேட்கும் வசதி இல்லாமல் போனது நல்லதாயிற்று. கேட்டிருந்தால் பல பேராசிரியர் பதவிகள் காலியாகவே இருந்திருக்கும்.

இந்த விவாதத்தின் தலையாய சான்றுகள் நமக்குக் கிடைக்கவில்லை என்பதையும் வருத்தத்தோடு பதிவு செய்கிறேன். நகர் வாட்ஸ்அப் குழுவில் இரவு பதினொன்றே முக்காலுக்கு எழுதப்பட்டு, காலைக் காப்பிக்குள் அழிக்கப்பட்ட செய்திகள் பதினேழு. அவை இருந்தன என்பதற்கு ‘இச்செய்தி அழிக்கப்பட்டது’ என்ற ஒற்றை வரியே சாட்சி. கடல் கொண்ட நூல்களைப் பற்றி நம்மவர் எழுதிக் குவித்திருப்பதை நோக்க, இந்தப் பதினேழுமே விவாதத்தின் ஆகச்சிறந்த வாதங்கள் என்று கொள்ளத் தடையில்லை. கைக்குக் கிடைத்த நூலைப் படிக்க வேண்டியிருக்கும்; காணாமல் போன நூலுக்கு அந்தத் தொந்தரவு கிடையாது.

கள ஆய்வு இல்லாத ஆய்வு ஆய்வாகாது என்பதால், சென்ற மாதம் ஒரு மாலை அந்த மாதிரிப் பெஞ்சில் நாற்பது நிமிடம் உட்கார்ந்தேன். கண்ணெதிரே மதில். பூச்சு பாதியில் நின்ற ஹாலோ பிளாக் சுவர். வெள்ளையடித்தும் மறையாத ஒரு கட்சிச் சின்னத்தின் மேற்பாதி. அதன் கீழே தண்ணீர்த் தொட்டி விளம்பரம். ஒரு முறுக்குத் துணுக்கைத் தூக்கிக்கொண்டு எறும்புச் சாரி ஒன்று சின்னத்திலிருந்து விளம்பரத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது. என் முதுகுக்குப் பின்னால்தான் உலகம் நடந்தது. பந்து உதைபட்டது, குழந்தை அழுதது, கீரைக்காரம்மா விலை சொன்னார், “இந்த ஆளு ஏன் செவுத்தையே மொறைச்சிட்டு உக்காந்திருக்காரு?” என்று யாரோ கேட்டார்கள். திரும்பித் திரும்பிப் பார்த்ததில் கழுத்து பிடித்துக்கொண்டது.

எழுந்து வரும்போது வாசலில் ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார். கை உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி. உடைந்த கையைப் பச்சை நைலான் கயிற்றால் கட்டியிருந்தது. தினமும் ஐந்து மணிக்கு வீட்டிலிருந்து இழுத்துக்கொண்டு வருவாராம், விளக்குப் போட்டதும் இழுத்துக்கொண்டு போவாராம். நாற்காலி தெருவைப் பார்த்துக் கிடந்தது.

“உள்ள பெஞ்ச் இருக்கே பாட்டி?”

“அது அவங்க அப்பாருக்குப் போட்டதுப்பா, நமக்கெதுக்கு? இங்க உக்காந்தாத்தான் போறவங்க வர்றவங்க தெரியும்.”

பாட்டியின் கருத்தைக் கூட்டக் குறிப்பில் சேர்க்க முயன்றேன். வீடு மகன் பெயரில் இருப்பதால் அவர் சங்க உறுப்பினர் அல்லர் என்று செயலாளர் தெரிவித்தார்.

ஒழிபியல்

பதினான்கு மாத ஆய்வின் முடிவை இனிச் சொல்லலாம். கிழக்குப் பக்கத்தில் காலை வெயில் அதிகம், மண் இளக்கம், காற்று வாட்டம் சரியில்லை, தண்ணீர் தேங்கும் வாய்ப்பும் உண்டு. ஆகவே கழிப்பறை, ஷட்டில் கோர்ட், குழந்தைகள் ஊஞ்சல், திறந்தவெளி ஜிம், குப்பைத் தொட்டி ஆகிய எதற்கும் கிழக்கு ஏற்றதன்று என்பது அறிவியல்பூர்வமாக நிறுவப்பட்டது. கிழக்குக்கு ஒரே ஒரு மகிழமரம் மட்டும், சுவரிலிருந்து இருபதடி தள்ளி, பரிந்துரைக்கப்படுகிறது. மேற்கில் வீடுள்ள ஆய்வாளர் ஒருவர் இதே தரவுகளிலிருந்து நேரெதிரான முடிவுக்கு வந்திருப்பதாக அறிகிறேன். அவருடைய ஆய்வு முறையில் கோளாறு இருக்க வேண்டும்.

அடுத்த பொதுக்குழு வரும் ஞாயிறு காலை பத்தரைக்கு, பூங்கா இடத்திலேயே. பொருள்: பெஞ்சின் திசை. வருகிறவர்கள் தத்தம் நாற்காலியைக் கொண்டுவரவும். இருக்கிற பெஞ்சில் யாரும் உட்கார வேண்டாம். ‘உபையம்’ ‘உபயம்’ என்று திருத்தப்பட்டிருக்கிறது, பெயிண்ட் இன்னும் காயவில்லை.